மேல்தெருத் தாங்கியின் காவல்காரன்

திருட்டுப் போன பொருள் நாற்பது இறாத்தல் எடையுள்ள பித்தளை வால்வு. திருடியவன் பெயர் இராமையா. ஆளைத் தேடிக் கொடுத்தால் போதும், வேறு எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்றார் கிரிந்தெல்லைப் பட்டின சபைத் தலைவர் முத்துலிங்கம். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சற்று அழுத்திச் சொன்னார்.

சபை அலுவலகத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அழகுமுத்து. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு முன்னால், ஒரு பேக்கரியின் மாடியில் 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டியிருப்பவர். அதற்கு முன் பதினாறு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். தோட்டத்துப் பெயர்ப்பதிவில் செத்துப்போனவர்களும் இன்னும் பிறக்காதவர்களும் கொழுந்து பறித்துச் சம்பளம் வாங்குவதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை வாய்விட்டும் சொன்னார். மறுமாதம் செத்தவர்களுக்கு வேலை இருந்தது, அவருக்கு இல்லை.

அவருக்குப் பின்னால் குடையோடு நின்றவன் உதவியாளன் பைஸர். வயது முப்பத்தைந்து. ஹட்டன்–நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ஒரு பயணியிடம் பேசிய பேச்சுக்காக வேலையை இழந்தவன். அந்தப் பயணி பஸ் முதலாளியின் மாமனார் என்பது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகப் பேசியிருப்பேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வான்.

தலைவர் விவரம் சொன்னார். கிரிந்தெல்லையில் கடைத்தெரு கீழே, மேல்தெரு மேட்டில். மேல்தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளுக்காக 1949இல் சபை மலைமேல் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டியது. அந்தத் தெருவை 'விசேட தண்ணீர் வட்டாரம்' என்று தனியாகப் பிரித்து, வீட்டுக்கு மாதம் இரண்டு ரூபாய் கட்டணம் போட்டது. காவல்காரன் சம்பளம், தண்ணீரைச் சுத்தம் செய்யச் சுண்ணாம்பு, வருடத்துக்கொருமுறை பெயிண்ட், ஐந்து அங்கத்தவர்களும் நேரில் ஏறிப்போய் மேற்பார்வை செய்வதற்குப் பயணப்படி என்று அந்த வட்டாரத்துக்கு ஒரு தனி வரவுசெலவுத் திட்டம் உண்டு. போன புதன்கிழமை காவல்காரன் இராமையா வால்வைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டான். தண்ணீர் முழுவதும் கொட்டிப் போய், தாங்கி வெடித்துவிட்டது. இடித்துத்தான் கட்டவேண்டும். அதற்காக வீட்டுக்கு இருபது ரூபாய் விசேட வரி. நாளை மறுநாள் பத்து மணிக்குச் சபை கூடி அதை நிறைவேற்றப்போகிறது. மாத முடிவுக்குள் கட்டாத வீட்டுக்குக் குழாய் வெட்டப்படும்.

"சபையில எல்லாரும் ஒத்துக்குவாங்களா?" என்று அழகுமுத்து கேட்டார்.

"இந்த வட்டாரத்துக் கணக்குல எங்களுக்குள்ள இதுவரைக்கும் ஒரு அபிப்பிராய பேதம் வந்ததில்லீங்க" என்றார் தலைவர் பெருமையோடு.

அது உண்மைதான். மேசையிலிருந்த சம்பளப் பதிவையும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தையும் புரட்டிய பைஸர் பார்த்தான்: ஆறு வருடமும் மேல்தெருத் திட்டம் நான்கு நிமிடத்துக்குள் நிறைவேறியிருந்தது. சபை மண்டபத்துத் திரைச்சீலை பச்சையா நீலமா என்ற விவாதம் மட்டும் இரண்டு பிற்பகல்களைத் தின்றிருந்தது. மேல்தெருக்காரர்கள் எதிர்த்துப் பேச வழியும் இல்லை. சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஆட்களின் குடியுரிமை போய், அதோடு வாக்கும் போய்விட்டது. அந்தத் தெரு முழுவதற்கும் வாக்குள்ளவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். ஆனாலும் தேர்தல் தவறாமல் வாக்களிக்கிறார்.

அழகுமுத்து சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால் போய் நின்றார். தாங்கியின் திறப்பு விழா. ஒரு சிமெந்துச் சுவருக்கு முன்னால் ஐந்து அங்கத்தவர்களும் மாலையோடு நிற்கிறார்கள். நடுவில் முத்துலிங்கம் கத்தரிக்கோலோடு. தாங்கி எவ்வளவு தூரம் என்று கேட்டார். இரண்டரை மைல், செங்குத்தான ஏற்றம், வழியெல்லாம் அட்டைக்காடு என்றார் தலைவர். அன்றைக்கு மழை வேறு கொட்டியதாம். மக்களுக்காக அதையும் பொறுத்துக்கொண்டு ஏறினார்களாம்.

படியிறங்கும்போது பைஸருக்கு ஆத்திரமாக இருந்தது. ஹட்டனில் இருக்கும் பெரிய ஆட்களை விட்டுவிட்டு இவர் நம்மை ஏன் கூப்பிட்டார் என்று யோசித்ததில், கிடைத்த விடை அவனுக்குப் பிடிக்கவில்லை. போன வருடம் அவர்கள் எடுத்த வழக்குகள் இரண்டு. நோர்வூட்டில் தொலைந்த ஆடு தானாகவே வீட்டுக்கு வந்தது. பூண்டுலோயாவில் காணாமற்போன கல்யாணச் சங்கிலி கல்யாணப் பெண்ணின் பெட்டியிலேயே இருந்தது.

"நம்மளால முடியாதுன்னு நம்பித்தான் கூப்பிட்டிருக்காரு, கிளாக்கரையா."

"தெரியும்" என்றார் அழகுமுத்து. "விசாரணை நடந்துச்சின்னு ஃபைல்ல போட ஒரு காகிதம் வேணும். அடுத்த மாசம் கொழும்பிலேருந்து கணக்குப் பார்க்க ஆள் வருது. நீ அந்தப் படத்தைப் பார்த்தியா?"

"மாலையைப் பார்த்தேன். நல்ல மாலை."

"நான் காலைப் பார்த்தேன். மழையில அட்டைக்காட்டுல இரண்டரை மைல் ஏறின அஞ்சு பேர். பத்து காலுறை. அவ்வளவும் பால் மாதிரி வெள்ளை. ஒரு பொட்டு இரத்தமில்ல, ஒரு பொட்டு சேறில்ல."

பைஸர் குடையை விரித்தான். "அட்டைங்க சபைக்குப் பயந்திருக்கும்" என்றான்.

மேல்தெருவின் முனையில் பேச்சியம்மாவின் அப்பக்கடை. ஐம்பது வயதுக்காரி, யாருக்கும் பயப்படாத குரல். ஜூன் மாதத்து மழைக்குக் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கடை வாசலிலிருந்த பொதுக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. வால்வு போன பிறகும் தண்ணீர் நிற்கவில்லையா என்று அழகுமுத்து கேட்டார். எந்த வால்வு என்று அவள் திருப்பிக் கேட்டாள். போன புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லா நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எப்போதுமே வராது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட வராது, அந்த நாட்களில் ஆற்றுக்குத்தான் போகவேண்டும் என்றாள்.

"வால்வு இருந்தப்ப ஞாயித்துக்கிழமை தண்ணி வரல. வால்வு போனப்புறம் திங்கட்கிழமை தண்ணி வருது" என்றார் அழகுமுத்து.

"டேங்கி வேதக்காரப் பயலா இருக்கும். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிருது" என்றான் பைஸர். பிறகு அவனே, "ஆனா தீபாவளிக்கும் லீவு எடுக்குதே" என்று குழம்பினான்.

இருபது ரூபாய் என்றால் மலையில் கொழுந்து பறிக்கிறவளுக்குப் பாதி மாதச் சம்பளம் என்று பேச்சியம்மா சொன்னாள். கட்ட முடியாத வீடுகள் எவையெவை என்று விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். இரண்டு கையும் தீர்ந்தபோது நிறுத்திவிட்டு, மூன்றாவது வீட்டைக் காட்டினாள். இராமையாவின் மனைவி ராக்காயி அங்கேதான் இருந்தாள்.

ராக்காயி கதவைத் திறக்கவே தயங்கினாள். பொலிஸ் வந்து அரிசிப்பானை வரைக்கும் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. புருஷன் எங்கே என்று கேட்டார்களாம். தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று உள்ளதைச் சொன்னாளாம். பொலிஸ்காரர்கள் சுற்றுவட்டாரத்துத் தேயிலைத் தோட்டம் அத்தனையிலும் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகத் தேடிவிட்டு, ஆள் எங்கும் இல்லை, தலைமறைவு என்று எழுதிக்கொண்டார்கள். பிடியாணையும் வந்துவிட்டது.

அழகுமுத்து அவள் முகத்தையே பார்த்தார். "எந்தத் தோட்டம்மா?"

"மரக்கறித் தோட்டந்தாங்க. நுவரெலியாவுல. கோவா, லீக்ஸ் போடுற தோட்டம். ஆறு வருசமா அங்கதான் இருக்காரு. மாசத்துக்கு ஒருக்கா வருவாரு."

"இதை ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"அவங்க கேக்கலீங்களே. தோட்டம்னதும் எழுதிக்கிட்டாங்க. நம்ம ஆளுக்குத் தோட்டம்னா தேயிலைன்னு அவங்களுக்கு முடிவு" என்றாள் ராக்காயி.

தன் புருஷன் சபைக் காவல்காரன் என்பதே போன வாரம்தான் தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். அந்த மரக்கறித் தோட்டம் யாருடையது, எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. யாரோ பெரிய ஐயாவின் சொந்தக்காரர்கள் என்பது மட்டும் தெரியும். மாதக் கடைசியில் பஸ்ஸில் ஒரு சாக்கு மரக்கறி வரும். மூலையில் கிடந்த போன மாதத்துச் சாக்கைப் பைஸர் எடுத்து உதறினான். வெள்ளைத் தூள் பறந்தது. சாக்கின் மேல் நீல மையில் அச்சுக் குத்தியிருந்தது: 'கி.ப.ச. — மேல்தெருத் தாங்கி — சுண்ணாம்பு'.

"தண்ணியச் சுத்தம் பண்ண வாங்கின சுண்ணாம்பு" என்றார் அழகுமுத்து.

"கோவாவைச் சுத்தம் பண்ணியிருக்கு" என்றான் பைஸர். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டால் கோவா இலை மூடி நன்றாக உருண்டு வரும் என்பது மலைநாட்டில் தெரியாதவர்கள் இல்லை.

மறுநாள் காலை இருவரும் மலை ஏறினார்கள். மேல்தெருக் குழாயைப் பிடித்துக்கொண்டே போனார்கள். ஒரு மைல் போனதும் குழாய் மலையை மறந்துவிட்டு இடதுபக்கம் திரும்பி, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் ஃபெக்டரிச் சுவருக்குள் நுழைந்தது. அதை விட்டுவிட்டு, சபையின் வரைபடத்தில் தாங்கி என்று குறித்திருந்த உச்சிக்கும் போய்ப் பார்த்தார்கள். அங்கே மானாப்புல் இருந்தது. ஒரு கருங்கல் இருந்தது. கல்லில் ஒரு மாடு கட்டியிருந்தது.

பைஸர் உட்கார்ந்து கால் விரலிடுக்கிலிருந்த ஐந்தாவது அட்டையைப் பிடுங்கினான். "வருசா வருசம் பெயிண்ட் அடிச்ச டேங்கி மேஞ்சிக்கிட்டு நிக்கிது, ஐயா. செவலை நிறம். நல்ல தேர்வு."

அழகுமுத்து சிரிக்கவில்லை. மாட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உடைந்த சிமெந்து, செங்கல், ஆணி எதுவும் இருக்கிறதா என்று புல்லைக் காலால் விலக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

இறங்கும் வழியில் ஃபெக்டரியின் டீமேக்கர் ஆண்டியப்பன் மிச்சத்தைச் சொன்னார். தேயிலை தயாரிப்பைக் கவனிக்கிற அந்த மனிதர் இருபது வருடமாக அங்கே இருக்கிறார். சபை ஆட்கள் 1949இல் வந்து பழைய துரையிடம் கெஞ்சினார்களாம். துரை, ஃபெக்டரியில் வழிகிற தண்ணீர்தானே, போகட்டும் என்று தம் செலவிலேயே குழாயையும் போட்டுக் கொடுத்தார். ஒரு சதம் கேட்கவில்லை. ஃபெக்டரி மூடுகிற நாளில் மட்டும் தண்ணீர் போகாது. ஞாயிறு, தீபாவளி, பொங்கல்.

பைஸருக்கு உடனே ஓடிப்போய்க் கடைத்தெருவில் நின்று கத்தவேண்டும் போலிருந்தது. அழகுமுத்து தடுத்தார். இப்போது கத்தினால், காவல்காரன் எங்களை ஏமாற்றிவிட்டான், ஆறு வருடம் சம்பளம் வாங்கியவன் அவன்தானே என்று ஐந்து பேரும் சொல்வார்கள். கைரேகை வைத்த சம்பளப் பதிவில் இராமையா பெயர்தான் இருக்கிறது. பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள், அவன் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவான் என்றார். பிறகு, பைஸர் பழைய பஸ் சிநேகிதர்களைப் பிடித்து அந்தச் சாக்கு எங்கே ஏறுகிறதென்று விசாரிக்கவேண்டும், நாளை பத்தரைக்கு இராமையாவோடு சபைக்கு வரவேண்டும் என்றார்.

"வந்து என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாதே. உன் வாழ்க்கையில ஒரு தடவை."

பஸ்ஸில் போகிற பொதிகள் எல்லாம் கண்டக்டர்களுக்குத் தெரியும். பைஸருக்கு விலாசம் கிடைக்க ஒரு பிளேன்டீ செலவானது. நுவரெலியா மார்க்கெட்டுக்கு அப்பால் ஆற்றோரமாகப் பத்து ஏக்கர். உரிமையாளர் முத்துலிங்கத்தின் மச்சான். பிற்பகல் பனிமூட்டத்தில், கோவாப் பாத்திகளுக்கு நடுவே குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த மெலிந்த மனிதனைப் பார்த்துப் பைஸர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் நிமிர்ந்து சிரித்தான்.

விஷயத்தைக் கேட்டதும் இராமையாவின் சிரிப்பு போய்விட்டது. பாத்தி வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டான். மாதம் முப்பது ரூபாய் தருகிறார்கள், வருகிற ஆள் நீட்டுகிற காகிதத்தில் பெருவிரலை வைப்பேன், அதில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டதில்லை என்றான். சபைச் சம்பளப் பதிவில் அவன் பெயருக்கு எதிரே எழுபத்தைந்து இருந்ததைப் பைஸர் சொல்லவில்லை. ஏதாவது வேடிக்கையாகப் பேசித் தேற்றலாம் என்று வாயைத் திறந்தான். வார்த்தை எதுவும் வரவில்லை. அவனுக்கு அது புதிய அனுபவமாக இருந்தது.

"இப்படியே எங்கிட்டாவது போயிரவா?" என்று இராமையா கேட்டான். பிறகு கையிலிருந்த களையைக் கீழே போட்டுவிட்டு, "ஓடிட்டேன்னா நெசமாவே திருடனாயிருவேன்ல" என்றான். எழுந்து கை கால் கழுவினான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்று ஒரு சாக்கில் நாலு கோவா அறுத்துப் போட்டுக்கொண்டான்.

விடிந்ததும் புறப்பட்ட முதல் பஸ்ஸில் ஏறி, ஹட்டனில் மாறி, அவர்கள் கிரிந்தெல்லைக்கு வந்து சேர்ந்தபோது பத்தே கால். சபை மண்டபத்துக்கு வெளியே மேல்தெரு முழுவதும் தூறலில் நின்றுகொண்டிருந்தது. வாக்காளர்களுக்கு மட்டுமே உள்ளே இடம் என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே பார்வையாளர் உட்காரும் வாங்குகள் காலியாக இருந்தன. பேச்சியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் ராக்காயி. இராமையாவைக் கண்டதும் ராக்காயி ஓரடி எடுத்து வைத்தாள். பேச்சியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவனைத் தெரிந்ததாகக் காட்டவேண்டாமென்று கிளாக்கரையா எல்லாரிடமும் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார் போலும்.

வாசலில் நின்று பைஸர் எட்டிப் பார்த்தான். அழகுமுத்து அங்கத்தவர்களின் முன்னால் கைகட்டி நின்று, சாதாரணமாக அவர் பேசாத பணிவோடு பேசிக்கொண்டிருந்தார். திருடனைப் பிடித்தாலும் நீதிமன்றத்தில் அடையாளம் காட்ட ஆள் வேண்டுமாம். காட்டில் தனியாக இருந்தவனை அடையாளம் தெரிந்தவர்கள், வருடா வருடம் மலையேறிப்போய் மேற்பார்வை செய்த அங்கத்தவர்கள் மட்டும்தானாம். ஆகவே ஒரு சின்னக் கடிதம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாராம். 'ஆறு வருடமும் நான் நேரில் சென்று தாங்கியைப் பார்வையிட்டேன். ஒவ்வொரு முறையும் காவல்காரன் இராமையாவை அங்கே கடமையில் கண்டேன். அவனை எங்கு கண்டாலும் அடையாளம் காட்டுவேன்.'

அங்கத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட மனமில்லை என்பது தெரிந்தது. ஆனால் போடாவிட்டால் ஆறு வருடம் வாங்கிய பயணப்படி என்னவாகும் என்ற யோசனையும் ஒவ்வொரு முகத்திலும் ஓடியது. முதலில் தாங்கிக்குப் பெயிண்ட் விற்ற கடைக்காரர் ஜமால்தீன் பேனாவை எடுத்தார். அவர் போட்டதும் மற்றவர்கள் போட்டார்கள். கடைசியாகத் தலைவர் போட்டார்.

மை காய்வதற்குள் அழகுமுத்து வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். பைஸர் இராமையாவின் முதுகில் மெல்லக் கை வைத்தான். இராமையா தோளில் சாக்கோடு உள்ளே போய், எங்கே நிற்பதென்று தெரியாமல் மண்டபத்தின் நடுவில் நின்றான்.

ஜமால்தீன் அவனை ஏறிட்டுப் பார்த்து, மரக்கறி எல்லாம் பின்பக்கம் கொண்டுபோ என்றார். அவருக்கு அடுத்திருந்த அங்கத்தவர், வந்ததுதான் வந்தாய், அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுப் போ, சனங்களின் சத்தம் தாங்க முடியவில்லை என்றார். மூன்றாமவர் கூட்டம் நடக்கும்போது கண்டவனையும் உள்ளே விடுவது யாரென்று செயலாளரைக் கடிந்துகொண்டார். நான்காமவர் அவனைப் பார்க்கவே இல்லை, கொட்டாவி விட்டார்.

முத்துலிங்கம் அப்போதுதான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஒன்னைய யாருடா அங்கேருந்து வரச் சொன்னது?"

தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"எங்கேருந்துங்க, தலைவரே?" என்று அழகுமுத்து மெதுவாகக் கேட்டார்.

பொலிஸ் ஒரு வாரமாகத் தேடுகிற ஆள் எங்கே இருந்தான் என்பது அந்த மண்டபத்தில் அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. மற்ற நால்வரும் எங்கு கண்டாலும் அடையாளம் காட்டுவதாக இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவனையே அடையாளம் தெரியாமல் விட்டிருந்தார்கள். அழகுமுத்து கையெழுத்துக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இவர்தான் இராமையா என்று சபைக்கு அறிமுகம் செய்தார். ஜமால்தீன் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். அது அரசாங்கக் கச்சேரிக்குப் போகிற வழியில் இருக்கிறது என்றான் பைஸர். பேசக்கூடாது என்ற உத்தரவை அவ்வளவு நேரம் காத்ததே பெரிய காரியம்.

செயலாளர் வயதான மனிதர். முப்பது வருடமாகச் சபையில் சொல்லப்படுவதை எழுதி எழுதிப் பழகிய கை. தலைவர் கேட்ட கேள்வியையும் அது எழுதிவிட்டிருந்தது. அழகுமுத்து அவரைப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்டார். ஒரு வட்டாரத்துக்கு விசேட வரி போடுமுன், அந்த வட்டாரத்துப் பொறுப்பாளியின் அறிக்கையைச் சபை கேட்கவேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா என்றார். இருக்கிறது, ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் செயலாளர்.

"மேல்தெருத் தாங்கியோட பொறுப்பாளி இவருதான். உங்க பதிவு சொல்லுது. கேளுங்க."

கடைசியில் செயலாளரே தொண்டையைச் செருமிக்கொண்டு, தாங்கியின் நிலைமை என்ன என்று கேட்டார்.

இராமையா சாக்கை இறக்கி வைத்தான். கையைக் கட்டிக்கொள்வதா தொங்கவிடுவதா என்று கொஞ்சம் தடுமாறினான். வழியில் பஸ்ஸில் பைஸர் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"அங்க ஒண்ணுமில்லீங்க" என்றான்.

செயலாளர் அதையும் எழுதினார். மேல்தெரு வட்டாரத்தைப் பற்றி ஆறு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் ஏறிய முதல் உண்மை அதுதான். பிறகு விசேட வரிப் பிரேரணையைப் படித்து, முன்மொழிபவர் யார் என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. திரைச்சீலைக்கு இரண்டு பிற்பகல் பேசியவர்களுக்கு அன்றைக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் கொழும்பு அதிகாரி வந்தபோது மலையேறுகிற சிரமம் அவருக்கு இருக்கவில்லை. கடிதத்தையும் குறிப்புப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஆறு வருடத்துப் பயணப்படியையும் சுண்ணாம்பையும் பெயிண்டையும் ஐந்து பேர் தலையிலும் கட்டினார். முத்துலிங்கம் உடல்நலம் கருதிப் பதவி விலகினார். தேக ஆரோக்கியம் கெடுகிற அளவுக்கு அவர் ஒருநாளும் மலையேறியதில்லையே என்று பைஸர் கடைத்தெருவில் நின்று வருத்தப்பட்டான். இரண்டு ரூபாய்க் கட்டணம் நீக்கப்பட்டது. இராமையாவின் மேலிருந்த பிடியாணையை ஹட்டன் நீதிமன்றம் இரத்துச் செய்தது. துப்பறிந்த கூலி வரவே இல்லை; வாடிக்கையாளரையே பிடித்துக் கொடுத்தால் கூலி வராது என்று அழகுமுத்து முன்பே எதிர்பார்த்திருந்தார்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்தப் புதன்கிழமை, பிரேரணை விழுந்ததும் பேச்சியம்மா ராக்காயியின் கையை விட்டாள். ராக்காயி வாசல் பலகையைத் தாண்டி நேரே உள்ளே வந்தாள். தடுக்க எழுந்த காவலாளி செயலாளரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டான். அவள் அங்கத்தவர்கள் பக்கம் திரும்பவில்லை. இராமையாவின் நனைந்த சட்டையை, மெலிந்த முகத்தை, சேறு படிந்த காலை ஒருமுறை பார்த்து முடித்தாள்.

"வாங்க" என்றாள். "ஒல வச்சிட்டு வந்திருக்கேன்."